அழுகண்ணி விதையோடு வரும் கடிதம்

எஸ்தரு, எல்லாம் நான் முன்னாடியே சொன்னதுதான். நீ புனே போவாய் என்றேன், போனாய். போன இடத்தில் ஆறே மாதத்தில் பெண்கள் வேலை செய்கிற ஒரு லைனை உன் கையில் கொடுப்பார்கள் என்றேன், கொடுத்துவிட்டார்கள். அந்த ஊர்ச் சாப்பாட்டில் முதல் மாதம் இளைப்பாய், இரண்டாம் மாதம் பழகிவிடும் என்றேன், அதுவும் ஆயிற்று. ஒரு நாள் போன் பண்ணி, "அப்பா, அந்தச் செடியோட விதை கொஞ்சம் அனுப்பு, ஹாஸ்டல் ஜன்னல்ல வெக்கணும்" என்று கேட்பாய் என்றுகூட, இரும்பு ஊற்றுகிற பவுண்டரியில் என்னோடு மண்ணைக் குத்தி மோல்டு போடுகிற நாகையா சித்தப்பாவிடம் சொல்லி வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டாய். வாயால் சொன்னதை யார் வேண்டுமானாலும் இல்லை என்று சொல்லிவிடலாம். அதற்காகத்தான் போன கார்த்திகையில் நீ டிரெயினிங்குக்குப் பெட்டி கட்டிய அன்றைக்கே தினக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் 'எஸ்தர் புனே போவாள், நல்லா வருவாள்' என்று எழுதி, உங்கம்மா போட்டோவுக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறேன். லீவில் வரும்போது எடுத்துப் பார். ஏழாங்கிளாஸோடு நின்றவன் எழுத்து என்று ஒருத்தனும் சொல்லமாட்டான், அச்சு மாதிரி இருக்கும்.

போனிலேயே பேசுகிறவன் இப்போது ஏன் பேனா பிடித்தான் என்று நீ நினைப்பாய். விதை வாட்ஸப்பில் போகாது. கூரியர் கவரில் வெறும் விதையை மட்டும் போட்டு அனுப்பினால், பிரிக்கிறபோது உள்ளே ஒன்றுமில்லை என்று நீ கவரைக் குப்பையில் போட்டுவிடுவாய். கண்ணாடி துடைக்கிற மெல்லிய தாளை நாலாக மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். அதற்குள் கறுப்பாகக் கொஞ்சம் தூசி மாதிரி இருக்கும். அது தூசி இல்லை, அதுதான் விதை. ஃபேனை நிறுத்திவிட்டுப் பிரி. தும்மல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள். நாகையா பிரிக்கும்போது தும்மி ஒரு தோட்டத்தையே சாகடித்தான்.

எப்படிப் போடுவது என்று நெட்டில் ஆயிரம் பேர் சொல்வான். அவன் யாரும் என்னளவுக்குப் பட்டவன் இல்லை, அதனால் நான் சொல்வதைக் கேள். தேங்காய் நார்த்தூளை வாங்கி ஏழு தண்ணீரில் அலசு. நார்த்தூளில் உப்பு இருக்கும், அந்த உப்புதான் இந்தச் செடிக்கு விஷம். அதில் பாதிக்குப் பாதி வெள்ளை மணல் கல. புது மணல். இன்னொரு தடவை எழுதுகிறேன், புது மணல். விதையை மேலாகத் தூவு, மண்ணைப் போட்டு மூடாதே. தயிர் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, ஒரு தட்டில் விரல் கனத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, அதில் உட்கார வை. வெயில் நன்றாகப் படவேண்டும். உரம் கூடாது, சாணம் கூடாது, டீத்தூள் கூடாது. போர் தண்ணீர், கேன் தண்ணீர் ரெண்டும் கூடாது. மழைத்தண்ணீர் இருந்தால் அதுதான் பால். இல்லாவிட்டால் ஏசி குழாயில் சொட்டுகிற தண்ணீரைப் பிடி. நம் ஊட்டில் ஏசி இல்லையே என்று நான் பேஜாராகவில்லை. ஸ்டேஷன் ரோட்டில் மொபைல் கடைக்காரன் சுவரில் சொட்டுவதைத் தினம் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு வந்தேன். அவன் ஒரு வாரம் பார்த்துவிட்டு, "இன்னா பெருசு, இதக் குடிக்கிறியா?" என்றான். "ஆமாம்பா, சுகருக்கு நல்லது" என்றேன். மறுநாள் அங்கே எனக்கு முன்னால் ரெண்டு பேர் பாட்டிலோடு நின்றார்கள்.

அந்தச் செடி நம் ஊட்டுக்கு வந்த கதை உனக்குத் தெரியும், ஆனாலும் நான் சொல்கிற மாதிரி உனக்குத் தெரியாது. கம்பெனியில் உன் கூட, கீறல் பார்க்கிற கண்ணாடி செக்கிங்கில் இருந்த செல்வி, பழவேற்காட்டுப் பக்கத்துப் பெண், ஊர் ஈர மணலில் முளைக்கிற ஒரு சின்னப் பூண்டுச்செடியின் விதை என்று இதே மாதிரி ஒரு தாளில் மடித்துக் கொடுத்தாள். நீ அதைத் தயிர் டப்பாவில் தூவிச் சமையலறை ஜன்னலில் வைத்தாய். ரெண்டு மாதத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு செடி வந்தது. தரையோடு தரையாக வட்டமாகப் படுத்திருக்கும், இலை ஒவ்வொன்றும் சின்ன ஸ்பூன், ஸ்பூன் முழுக்கச் சிவப்பு மயிர், மயிர் நுனி ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. வெயிலில் பார்த்தால் யாரோ அழுது துடைக்காமல் விட்ட மாதிரி இருக்கும். நீ போனைப் பார்த்து, "இதும் பேரு அழுகண்ணியாம்பா, பூச்சிய புடிச்சு சாப்புடுமாம்" என்றாய். நான், "எனக்குத் தெரியாதா, சின்ன வயசில் ஆரணியாத்து ஓரம் என் கட்டைவிரலையே பிடிச்சுக்கினு விடலையே" என்றேன். நீ சிரித்தாய். அன்றைக்கு ஒரு கொசு வந்து ஒட்டியது. ரெண்டு பேரும் இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு, அந்த இலை மெதுவாக மடிவதை நின்று பார்த்தோம். நான் பவுண்டரியில் போய்க் குளவியைப் பிடித்தது என்றேன். டீ டயத்தில் அது பல்லியாகிவிட்டது, அதற்கு நான் பொறுப்பில்லை.

அப்புறம்தான் புனே கம்பெனி விஷயம் வந்தது. முதலில் ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் தங்கி மூன்று மாத டிரெயினிங், பிறகு புனே. உன் செக்ஷனில் உன் ஒருத்தியைத்தான் கேட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் சரி என்று அன்றைக்கே ஓடியிருப்பாள். நீ ரெண்டு நாள் தள்ளிப்போட்டாய். மூன்றாம் நாள் காலையில் என் எதிரில் வந்து உட்கார்ந்தாய்.

"நான் போயிட்டா நீ இன்னா பண்ணுவ பா?"

"ராஜா மாதிரி இருப்பேன்."

"ராஜா காலையில மாத்திர போட்டாரா?"

நான் ஃபேனைப் பார்த்தேன்.

"நாஷ்டா?"

"டீ குடிச்சேனே."

"டீ நாஷ்டாவா? போன மாசம் கம்பெனி கேட்டாண்ட சுருண்டு வுழுந்தியே, நாகையா சித்தப்பா இல்லன்னா இன்னா ஆயிருக்கும்?"

"யாரு வுழுந்தது? உக்காந்தேன்."

"மூஞ்சி குப்புறவா உக்காந்த?"

உங்கம்மா போய் ஆறு வருஷத்தில் என்னை அப்படி மடக்கியவள் நீ ஒருத்திதான். அப்போதுதான் நீ ஜன்னலைக் காட்டி அந்தக் கண்டிஷனைப் போட்டாய். "இந்தச் செடிய மூணு மாசம் உயிரோட வெச்சிரு. காலையில தட்டுல தண்ணி ஊத்து, அதே கையோட மாத்திரைய போடு. செடியையும் மாத்திர அட்டையையும் பக்கத்துல வெச்சு தினம் ஒரு போட்டோ அனுப்பு. மாசியில வந்து பாப்பேன். செடி இருந்தா நான் போறேன். இல்லன்னா போவலன்னு எழுதிக் குடுத்துட்டு இங்கியே இருந்துடறேன்." சொல்லும்போது உன் குரல் டாக்டரம்மா குரல் மாதிரி கறாராக இருந்தது. கண்ணு மட்டும் கறாராக இல்லை. அதை நான் பார்த்தேன்.

ஒரு மாதம் நான் அதை எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று கர்த்தருக்குத் தெரியும், மொபைல் கடைக்காரனுக்கும் தெரியும். காலை ஐந்தரைக்கு எழுந்தால் முதல் வேலை செடி, அப்புறம் மாத்திரை, அப்புறம் இட்லியோ பொங்கலோ ஒரு வாய், அப்புறம் போட்டோ. கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது நடுவில் ஒரு மெல்லிய தண்டு விட்டு மொட்டு வைத்திருந்தது. கேக்கைவிட அதைத்தான் நீ முதலில் போய்ப் பார்த்தாய். "பரவால்லியே பா" என்றாய். அந்த ஒரு வார்த்தைதான் எனக்குத் தலைக்கேறிவிட்டது, எஸ்தரு. இங்கேதான் நீ உட்கார்ந்து படிக்கவேண்டும்.

நான் இருபத்தெட்டு வருஷம் மண்ணோடு இருப்பவன். ஒரு பிடி மோல்டு மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கித் திறந்தால், விரல் ரேகை பதிந்து கொழுக்கட்டை மாதிரி நிற்கவேண்டும். நடுவில் ஒடித்தால் உதிராமல் ரெண்டாக உடையவேண்டும். அப்போதுதான் அது மண். நம் ஷாப்பில் புதுசாக வருகிற என்ஜினியர் பையன் மிஷினில் வைத்து ஈரம் பார்ப்பான், நான் கையிலேயே சொல்லிவிடுவேன், ரெண்டும் ஒன்றாக வரும். வராதபோது மிஷின் தப்பு. அப்படிப்பட்டவன் ஊட்டில், நம் செடி உதிரி நார்த்தூளில் நிற்கிறது. தொட்டால் பொலபொலவென்று போகிறது. நீ ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போன மறுநாள் எனக்குத் தோன்றியது, நாரிலேயே இப்படி வளர்கிறதே, என் மண்ணில் போட்டால் எப்படி வளரும், மாசியில் இவள் வந்து பார்த்து வாயடைத்துப் போகவேண்டும் என்று. ஷாப்பிலிருந்து ஒரு டிபன் பாக்ஸ் நிறைய கறுப்பு மண்ணைக் கொண்டுவந்தேன். இரும்பு ஊற்றி ஊற்றிப் பழகிய மண், களிமண்ணும் கரித்தூளும் கலந்தது. செடியை நாரிலிருந்து உருவி, வேரை அலசி, அதே டப்பாவின் நடுவில் நிறுத்தி, சுற்றிலும் அந்த மண்ணைப் போட்டு, மரக்கட்டையால் மோல்டு குத்துகிற மாதிரி நாலு பக்கமும் குத்தினேன். மேலே கரண்டியால் வழித்துப் பாலீஷ் போட்டேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

மூன்றாம் நாள் மயிர் நுனிகளில் சொட்டு இல்லை. அழுகிற செடி அழுவதை நிறுத்தினால் நல்லது என்றுதான் நான் நினைத்தேன், அந்த அளவுக்கு எனக்கு அறிவு. ஆறாம் நாள் ஸ்பூன்கள் எல்லாம் கறுத்து, மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டன. நாகையாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவன் ஆரம்பாக்கத்துக்காரன், ஊட்டில் தெலுங்கு, துக்கத்துக்குப் போனாலும் நக்கல்தான் பேசுவான். டப்பாவைத் தட்டிப் பார்த்தான், டங்கென்று சத்தம் வந்தது. "இன்னா நைனா, செடிக்கே மோல்டு போட்டுட்ட? இனிமே இரும்பு ஊத்தறதுதான் பாக்கி" என்றான். அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "பாப்பா கிட்ட இன்னா சொல்லுவ?" என்று கேட்டான்.

என்ன சொல்வேன் என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. ஒன்றும் சொல்லவேண்டாம், மாசியில் நீ வந்து நீயே பார்ப்பாய், எழுதிக் கொடுத்துவிட்டு இருந்துவிடுவாய். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, எஸ்தரு. அன்றைக்கு ஒரு நாள் முழுவதும் எனக்கு உள்ளே சந்தோஷமாக இருந்தது. மார்க்கெட்டுக்குப் போய் வவ்வால் மீன் வாங்கிவந்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து, ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். செடி போனதற்கு மீன் குழம்பு வைத்தவன் உன் அப்பன். மண்ணை நான் வேண்டுமென்று போடவில்லை, அது திமிர். ஆனால் செத்த பிறகு வந்த சந்தோஷம் என்னுடையது, அதை நாகையா தலையிலோ மண் தலையிலோ போட முடியாது.

உனக்குப் போட்டோ மட்டும் போய்க்கொண்டே இருந்தது. பழைய போட்டோக்களில் ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பினேன். நாலாம் நாளே நீ எழுதினாய், "இன்னாபா, மாத்திர கொறையவே இல்லியே, பெருகிக்கினே போவுது?" என்று. பழைய படத்தில் அட்டை நிறைய மாத்திரை இருக்கிறதை நான் எங்கே பார்த்தேன்! "புது அட்டை கண்ணு" என்று போட்டேன். நீ ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்பினாய். மாத்திரையை நான் விடவில்லை, அது சத்தியம். செடி இல்லாத தட்டைப் பார்த்துக்கொண்டே போட்டேன்.

அந்த வாரம்தான் உன்னிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அமுக்கினால், நீ இந்தியில் பேசுகிறாய். "யே பீஸ் டீக் நஹீ ஹை, வாபஸ் பேஜோ." பீஸ் சரியில்லை, திருப்பி அனுப்பு என்று அதட்டல். ரெண்டு தடவை சொல்லிவிட்டு, "செல்வி, சரியா சொல்றேனா? கொரலு இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமா?" என்று கேட்டு, ஒரே சிரிப்பு. செல்விக்குப் போகவேண்டியது தப்பாக எனக்கு வந்துவிட்டது. அடுத்த நிமிஷமே நீ அதை அழித்துவிட்டாய், ஆனால் நான் அதற்குள் கேட்டுவிட்டேன். உங்கம்மா ரேஷன் கடையில் எடைக்கல்லைப் பார்த்துப் பேசுவாளே, அதே குரல். நம் ஊட்டுக்குள்ளே நீ அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. ஊட்டில் நீ பேசியதெல்லாம் மாத்திர போட்டியா, சாப்டியா, செருப்பு எங்கே, இதுதான். உனக்குள் இப்படி ஒரு ஆள் இருப்பது எனக்குத் தெரியாது. அந்த ஆளை நான் ஒரு டிபன் பாக்ஸ் மண்ணில் போட்டுக் குத்தப் பார்த்தேனே என்று நினைத்து, வேறு செடி தேட அன்றைக்கே நாகையாவிடம் வண்டியைக் கேட்டேன்.

பொங்கல் லீவில் நாகையா வண்டியில் பழவேற்காடு ரோட்டுக்குப் போனோம். மழை நின்ற ஈர மணலில் அது முளைக்கும் என்று செல்வி சொன்னது ஞாபகம் இருந்தது, ஆனால் எந்த மணல் என்று சொல்லவில்லை. அங்கே பார்த்த இடமெல்லாம் ஈர மணல். ரெண்டு கிழவன்கள் இடுப்பை வளைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டே போனோம். விறகு பொறுக்க வந்த ஒரு அம்மா நின்று, "இன்னா தேடறீங்க?" என்று கேட்டாள். செடி என்றால் சிரிப்பாள் என்று நான், "மோதிரம்மா, கல்யாண மோதிரம்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், விறகைக் கீழே போட்டுவிட்டு அவளும் தேட ஆரம்பித்துவிட்டாள். "எப்ப கழண்டுச்சு?" என்றாள். "காலையில." "எந்த வெரலு?" நான் ஒரு விரலைக் காட்டினேன். "அதுல தழும்பே இல்லியே?" நாகையா அந்தப் பக்கம் திரும்பி இருமுகிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான். அரைமணி நேரம் கழித்து அவள்தான் ஒரு பள்ளத்து ஓரம் குந்தி, "மோதிரம் இல்லபா, இந்த செவப்புப் பூண்டுதான் மினுக்குது. மனுசன ஏமாத்துது பாரு" என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். வெயிலில் சொட்டுச் சொட்டாக, கை அகலத்துக்கு ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. நான் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். அந்த அம்மா மோதிரம் கிடைத்துவிட்டது என்று நினைத்து ஸ்தோத்திரம் சொன்னாள், நானும் சொன்னேன். ரெண்டே ரெண்டு செடியை, அதன் மண்ணோடு, ஒரு பிடிகூட உதிராமல் கரண்டியில் அள்ளித் தயிர் டப்பாவில் வைத்தேன். இந்தத் தடவை என் மண் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை.

ஆக, மாசியில் நீ வந்து பார்த்தது அந்தச் செடி. நீ வைத்துவிட்டுப் போனது இல்லை. அன்றைக்கு நீ செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பையிலிருந்து கண்ணாடி செக் பண்ணுகிற அந்தச் சின்ன பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்தாய். பத்து கண்ணாடிக்கு எடுக்கிற நேரத்தை அந்த ஒரு செடிக்கு எடுத்தாய்.

"இலை கொஞ்சம் சப்பையா கீதே பா?"

"வளந்துடுச்சு. நீ வளரல?"

"மண்ணுகூட வேற கலரா..."

"தண்ணி ஊத்தி ஊத்தி."

நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். அதே பூதக்கண்ணாடியால் என்னையும் பார்க்கப்போகிறாய் என்று நினைத்தேன். நீ பர்ஸைத் திறந்து, உங்கள் கம்பெனியில் நல்ல பீஸுக்கு ஒட்டுகிற பச்சை வட்ட ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து டப்பா மேல் ஒட்டினாய். "ஓகே பா" என்றாய். அது இன்னும் அப்படியே இருக்கிறது, ஓரம் மட்டும் தண்ணீரில் ஊறிச் சுருண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிரி ஐயர் சாட்சி சொல்கிறவர்கள் சொல்லலாம் என்றதும், நான் எழுந்து நின்று, மூன்று மாதம் அந்தச் செடியில் ஒரு இலைகூட வாடாமல் கர்த்தர் காத்தார் என்று சொன்னேன். சபையே ஸ்தோத்திரம் என்றது. பெண்கள் பக்கம் நீ மட்டும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என்னிடம் கற்றுக்கொண்ட பார்வை அது. ஒரு நாளைக்கு ஆயிரம் கண்ணாடியில் முடி அளவு கீறலைப் பிடிக்கிறவள் அன்றைக்கு எதைப் பார்த்தாய், எதை விட்டாய் என்று நான் கேட்கப்போவதில்லை. நீயும் எழுதவேண்டாம்.

நீ போன பிறகு பங்குனியில் அந்த ரெண்டும் பூத்து, காய்த்து, காய்ந்துவிட்டன. நான் ஏதோ பண்ணிவிட்டேன் என்று மறுபடியும் பயந்து நெட்டில் பார்த்தேன். இந்தப் பூண்டுக்கு ஆயுசே ஒரு பருவம்தானாம், விதையைக் கொட்டிவிட்டுப் போய்விடுமாம். நம் ஏரியாவில் எனக்கு முன்னாடி இதைக் கண்டுபிடித்தவன் யாரும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். விதையைத் தட்டி எடுத்து வைத்து, இந்த ஐப்பசி மழையில் தூவினேன். இப்போது பதினாலு தயிர் டப்பா, ஜன்னல் முழுக்கச் சிவப்பாக இருக்கிறது. காலையில் தண்ணீர் ஊற்றுகிறேன், மாத்திரை போடுகிறேன், ஆறி அவலாகப் போனாலும் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் ஷிஃப்ட். சுகர் இறங்கிவிட்டது. டாக்டர் என்னை உட்காரவைத்து, மற்ற பேஷண்டுகளுக்கெல்லாம் எப்படி என்று சொல்லுங்கள் என்று கேட்டார், கேட்காவிட்டாலும் நான் சொல்லியிருப்பேன். நாகையா ஊட்டிலும் ரெண்டு டப்பா வைத்திருக்கிறான், அவன் பெண்டாட்டி அதற்கு நெத்திலி வைக்கப் பார்த்தாளாம். சாயங்காலம் ரெண்டு பேரும் ஜன்னலாண்ட சேரைப் போட்டு, எது முதலில் கொசு பிடிக்கிறது என்று பார்க்கிறோம். எனக்கு ஒரு குறையும் இல்லை, எஸ்தரு. இதை நான் ஏற்றிச் சொல்லவில்லை.

அதனால் உனக்குச் சொல்கிறேன். இந்தச் செடிக்கு நல்ல மண் கொடுக்கிறேன் என்று போகாதே. ஒன்றுமில்லாத மண்தான் அதற்கு வேண்டும், மீதியை அது காற்றிலிருந்து பிடித்துக்கொள்ளும். நம் சனமும் அப்படித்தான், யாரோ ஒருத்தர் வயலில் நாற்று நட்டவர்கள் பேரன் இரும்பு ஊற்றுகிறான், பேத்தி புனேயில் இந்தியில் அதட்டுகிறாள். உன் கீழே வேலை செய்கிற பெண்களுக்கும் உன் மண்ணை அள்ளிப் போட்டுக் குத்தாதே, அவளவள் மண்ணோடு எடுத்து வை. கையால் பூச்சி ஊட்டாதே, அதுவே பிடிக்கும். தண்டு விட்டுப் பூத்தபிறகு காய்ந்தால் அழாதே, கீழே ஒரு தாளை விரித்து வை.

கவரை ஒட்டலாம் என்று எடுத்தேன். அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. லீவில் வந்தால் நீ முதலில் அந்தக் காலண்டர் தாளைத்தான் எடுப்பாய். மற்றவர்கள் என் எழுத்தைப் பார்ப்பார்கள், நீ தாளைத் திருப்பித் தேதியைப் பார்ப்பாய். தேதி கார்த்திகை இல்லை, மாசி. நீ ரயில் ஏறிய மறுநாள் கிழித்த தாள் அது. கார்த்திகையில் கிழித்ததும் அதே போட்டோவுக்குப் பின்னால் இன்னும் அடியில் இருக்கிறது, தூக்கிப்போடக் கை வரவில்லை. அதில் அச்சு மாதிரிகூட இல்லை, அவசரத்தில் எழுதியது, ரெண்டே வார்த்தை: 'போவ மாட்டா.' என் ஆயுசில் நான் சொல்லி நடக்காமல் போனது அது ஒன்றுதான்.

அப்பா